ஈஜிபுராவில் ஒரு வீடு: வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும் முன் போட வேண்டிய கணக்கு

மதுரையில் உள்ள எங்கள் கிளைக்கு வாடிக்கையாளர் ஒருவர் 3 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் கேட்டு வந்தார். பெங்களூருவில் அவருக்குப் புதிய வேலை கிடைத்திருந்தது. ஈஜிபுராவில் வீடும் பார்த்துவிட்டார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் குடும்பத்துடன் சென்றுவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். "சம்பளம் மாதம் 24,000 ரூபாய் கூடுகிறது சார். வீட்டு அட்வான்ஸுக்கும் சாமான் ஏற்றிச் செல்வதற்கும்தான் இப்போது பணம் தேவைப்படுகிறது" என்றார்.

கடனைத் திருப்பிச் செலுத்தும் தகுதி அவருக்கு இருந்தது. ஆயினும் படிவத்தை நிரப்பும் முன், இரு ஊர்களின் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டேன். அவ்வாறு எழுதிய கணக்கே இக்கட்டுரையின் அடிப்படை. வாடிக்கையாளரின் அடையாளம் வெளிப்படாதிருக்கும் பொருட்டுத் தொகைகள் மாற்றி அமைக்கப்பட்டுள்ளன. தங்கள் குடும்பத்துக்கு உரிய தொகைகளை இட்டு இதே முறையில் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

1. விலைக் குறியீட்டு எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

இரு நகரங்களின் வாழ்க்கைச் செலவை ஒப்பிடப் பலரும் முதலில் நாடுவது விலைக் குறியீட்டு எண். மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் 2016ஆம் ஆண்டை 100 எனக் கொண்டு, நாட்டின் 88 மையங்களுக்குத் தொழில்துறைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை மாதந்தோறும் வெளியிடுகிறது. சென்னை, மதுரை, பெங்களூரு ஆகியவை அம்மையங்களுள் அடங்கும். வங்கி ஊழியர்களின் அகவிலைப்படியும் இந்த எண்ணை ஒட்டியே கணக்கிடப்படுகிறது.

ஆனால் ஒவ்வொரு மையத்தின் எண்ணும் அந்த ஊரில் 2016ஆம் ஆண்டு முதல் விலை எவ்வளவு ஏறியது என்பதையே காட்டும். ஓர் ஊரின் எண் 150, மற்றோர் ஊரின் எண் 140 என்றால், முதல் ஊரில் விலைவாசி அதிகம் என்று பொருள் அன்று. அங்கே விலை வேகமாக ஏறியுள்ளது என்பதே பொருள். தொடக்கத்திலேயே விலை மிகுந்திருந்த ஊரின் எண், மெல்ல ஏறியதால் குறைவாகத் தோன்றலாம்.

மாநிலச் சராசரிகளும் இவ்வகையில் உதவுவதில்லை. 2022-23ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகர்ப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு தமிழ்நாட்டில் 7,630 ரூபாய், கர்நாடகத்தில் 7,666 ரூபாய். வேறுபாடு 36 ரூபாய் மட்டுமே. இதைக் கண்டு இரு மாநிலங்களிலும் வாழ்க்கைச் செலவு ஒன்றே என்று முடிவு செய்தால் ஏமாற்றமே மிஞ்சும். சராசரியில் சொந்த வீட்டில் வசிப்போரும் உள்ளனர், வாடகைக்கு இருப்போரும் உள்ளனர். பெருநகரமும் உண்டு, சிறு நகரமும் உண்டு. குடிபெயரும் குடும்பம் இரு மாநிலங்களுக்கிடையே செல்வதில்லை. ஒரு தெருவிலிருந்து மற்றொரு தெருவுக்குச் செல்கிறது. ஆகவே அந்தத் தெருவின் செலவையே கணக்கிட வேண்டும்.

2. வாடகையும் முன்பணமும்

கோரமங்களாவுக்கும் விவேக்நகருக்கும் அருகில் அமைந்த ஈஜிபுரா, தமிழ் பேசும் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதி. மொழித் தயக்கமின்றிக் கடைக்குச் செல்லலாம் என்பதாலும், அலுவலகங்கள் மிகுந்த இடங்களுக்கு அருகில் இருப்பதாலும் தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் இதனை விரும்புகின்றனர். அந்த வசதிக்கு உரிய விலை வாடகையில் அடங்கியிருக்கும்.

வாடகையைவிட முன்பணமே புதிதாகச் செல்வோரைத் திகைக்க வைக்கும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது என்கிறது. பெங்களூருவிலோ பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறுவது நெடுநாள் வழக்கம். இன்று பேசிக் குறைக்க இயல்கிறது எனினும், தொகை பெரியதே. காலி செய்யும்போது வண்ணம் பூசும் செலவு என ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் அங்கு பரவலான நடைமுறை.

முன்பணம் திரும்பி வரும் பணம்தானே என்று அதனைச் செலவில் சேர்க்காமல் விடுவது தவறு. 2 லட்சம் ரூபாயை 7 விழுக்காடு வட்டியில் வைப்பில் இட்டால் ஆண்டுக்கு 14,000 ரூபாய், அதாவது மாதம் ஏறத்தாழ 1,200 ரூபாய் கிடைக்கும். அந்த வட்டி இழப்பும் வாடகையின் ஒரு பகுதியே.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதனாலேயே பெரும்பாலான ஒப்பந்தங்கள் 11 மாதத்துக்கு எழுதப்படுகின்றன. ஒவ்வொரு புதுப்பித்தலிலும் வாடகை எத்தனை விழுக்காடு உயரும், முன்பணம் எத்தனை நாள்களில் திரும்ப வரும், என்னென்ன பிடித்தம் செய்யப்படும் ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நலம்.

3. 'லீஸ்' என்னும் ஒத்தி

தென்மாவட்டங்களில் ஒத்தி என்றும் பிற இடங்களில் போக்கியம் என்றும் வழங்கும் முறை பெங்களூருவில் 'லீஸ்' என்ற பெயரில் நடைபெறுகிறது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் மாத வாடகை இல்லை. காலம் முடிந்ததும் தொகை திரும்ப வரும். 12 லட்சம் ரூபாய் கொடுத்து மூன்றாண்டு வசித்தால், 7 விழுக்காடு வட்டி இழப்பு மாதம் 7,000 ரூபாய்தான். 22,000 ரூபாய் வாடகையோடு ஒப்பிடும்போது பெருத்த இலாபமாகத் தோன்றும்.

ஆயினும் இங்கு உங்கள் சேமிப்பு முழுவதும், ஈடு எதுவுமின்றி, வீட்டு உரிமையாளரிடம் கடனாக நிற்கிறது. அவ்வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானமாக இருந்து, உரிமையாளர் தவணை தவறினால், 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின்கீழ் வங்கி அதனைக் கைப்பற்றி ஏலம் விட இயலும். பதிவு செய்யப்படாத ஒப்பந்தத்தை மட்டும் கையில் வைத்திருப்பவரின் நிலை அப்போது மிகவும் வலுவற்றது. தொகையைத் திரும்பப் பெற உரிமையாளர் மீது வழக்குத் தொடுக்க நேரிடும்.

ஆகவே லீஸ் முறையை நாடுவோர் நான்கு செயல்களைத் தவறாது செய்ய வேண்டும். முதலாவது, கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளம் வழியே வில்லங்கச் சான்று பெறுதல். இரண்டாவது, ஆவணங்களை ஒப்படைத்துப் பெற்ற அடமானம் வில்லங்கச் சான்றில் இடம்பெறாமலும் இருக்கக்கூடும் என்பதால், செர்சாய் என்னும் மத்தியப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தித் தேடிப் பார்த்தல். மூன்றாவது, ஒப்பந்தத்தைப் பதிவு செய்தல். நான்காவது, தொகையை இடைத்தரகரிடம் கொடுக்காமல், ஆவணத்தில் உள்ள உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செலுத்துதல். இவற்றுள் ஒன்றுக்கேனும் உரிமையாளர் மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுவதே மேல்.

4. கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

பால் விலையும் அரிசி விலையும் குடும்பத்தாரின் பேச்சில் பெரிதாக இடம்பெறும். நந்தினி பால் விலை 2025 ஏப்ரல் 1 முதல் லிட்டருக்கு 4 ரூபாய் உயர்ந்தபோது அனைவரும் அதைப் பற்றிப் பேசினர். ஆனால் லிட்டருக்கு 5 ரூபாய் வேறுபட்டாலும், நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு மாதம் 150 ரூபாய்தான் கூடும். பின்வருவன அதனினும் பெரியவை.

தண்ணீர்: காவிரிக் குடிநீர் இணைப்பு உள்ள வீடா, ஆழ்துளைக் கிணற்றை நம்பிய வீடா என்பதை முதலில் கேட்க வேண்டும். 2024ஆம் ஆண்டு கோடையின் தட்டுப்பாட்டில், பெங்களூரு நகர மாவட்ட நிர்வாகம் ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் 6,000 லிட்டர் லாரித் தண்ணீருக்கு 600 ரூபாய் என விலை வரையறுக்க நேர்ந்தது. லாரித் தண்ணீர்ச் செலவு வாடகையில் அடங்குமா, தனியா என்பதை எழுத்தில் பெறுக.

போக்குவரத்து: ஈஜிபுரா சந்திப்பிலிருந்து கேந்திரிய சதன் வரை சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு 2017ஆம் ஆண்டு பணி தொடங்கிய மேம்பாலம் பல ஆண்டுகள் முடிவுறாமல் நின்றது. தூரம் குறைவு என்பதால் நேரமும் குறைவு என்று கருத இயலாது. வேலை நாளில், அலுவலக நேரத்தில், ஒரு முறை சென்று பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். நம்ம மெட்ரோவின் உச்சக் கட்டணம் 2025 பிப்ரவரியில் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்ந்ததையும் கருத்தில் கொள்க.

வாகனம்: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வாகனத்துக்கு அம்மாநிலத்தின் புதிய பதிவெண் பெற வேண்டும். தடையின்மைச் சான்று, புதிய மாநிலத்தில் ஆயுள்கால வரி, பழைய மாநிலத்தில் செலுத்திய வரியில் எஞ்சிய பகுதியைத் திரும்பக் கோருதல் என மூன்று வேலைகள் இதில் உண்டு. அரசு, பொதுத்துறை ஊழியரும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியரும் புதிய வாகனத்துக்கு 2021ஆம் ஆண்டு அறிமுகமான 'பி.எச்.' வரிசைப் பதிவைப் பெறலாம்.

வரி: கர்நாடகத்தில் தொழில் வரி மாதச் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படும். தமிழ்நாட்டில் அது அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்குச் செல்கிறது. பழைய வரி முறையைப் பின்பற்றுவோர் மற்றொன்றை அறிய வேண்டும். 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் வீட்டு வாடகைப் படி விலக்குக்கான உச்ச வரம்பு சென்னைக்குச் சம்பளத்தில் 50 விழுக்காடாக இருந்தது. பெங்களூருவுக்கு 40 விழுக்காடாக இருந்தது. புதிய வரி முறையில் இவ்விலக்கே கிடையாது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் உரிய ஆண்டின் நிலையைச் சரிபார்த்துக் கொள்க.

அரசு உதவிகள்: தமிழ்நாட்டின் குடும்ப அட்டையை ஒட்டிய மகளிர் உரிமைத் தொகை, இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லா மின்சாரம் போன்றவை நம்முடன் பயணம் செய்வதில்லை. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட அட்டைக்கான தானியம் மட்டுமே வேறு மாநிலத்தில் கிடைக்கும். மாநில அரசு தன் செலவில் தரும் பொருள்கள் கிடைக்கா. மறுபுறம், கர்நாடகத்தின் கிருக ஜோதி திட்டத்தில், மாதம் 200 யூனிட் வரம்புக்குள், சராசரிப் பயன்பாட்டைப் பொறுத்து வாடகைதாரரும் பயன் பெறலாம். மகளிருக்கான சக்தி கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் கர்நாடக முகவரி உடையோருக்கு உரியது. எனவே முகவரி மாற்றத்தைத் தள்ளிப்போடுவதும் ஒரு செலவே.

5. மதுரையும் ஈஜிபுராவும்: ஒரே தாளில்

நம் வாடிக்கையாளரின் கையில் கிடைக்கும் சம்பளம் மதுரையில் 58,000 ரூபாய். அவருடைய மனைவி தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பெறுவது 10,000 ரூபாய். குடும்ப வருமானம் 68,000. பெங்களூருவில் அவருக்குக் கிடைக்கவிருப்பது 82,000. மனைவியின் வேலை மதுரையோடு நின்றுவிடும்.

மாதச் செலவு (முதலில் மதுரை, அடுத்து ஈஜிபுரா, ரூபாயில்):

வீட்டு வாடகை, பராமரிப்பு: 10,000; 22,000
முன்பணத்தின் வட்டி இழப்பு: இல்லை, 1,200
உணவு, மளிகை, எரிவாயு: 14,000, 16,500
இரு பிள்ளைகளின் கல்வி: 7,000, 12,000
உள்ளூர்ப் போக்குவரத்து: 3,000, 5,500
மின்சாரம், தண்ணீர்: 1,200, 1,800
மருத்துவம், காப்பீடு: 3,000, 3,500
தொலைபேசி, இதர செலவு: 3,800, 4,500
ஊர்ப் பயணம், விசேடங்கள்: 2,000, 5,000
மொத்தம்: 44,000, 72,000
மிச்சம்: 24,000, 10,000

சம்பளம் 24,000 ரூபாய் கூடியது. சேமிப்பு 14,000 ரூபாய் குறைந்தது. மதுரையில் மிஞ்சியதே பெங்களூருவிலும் மிஞ்ச வேண்டுமானால் கையில் கிடைக்கும் சம்பளம் 96,000 ரூபாயாக இருக்க வேண்டும்; அல்லது மனைவிக்கு அங்கே மாதம் 14,000 ரூபாயேனும் தரும் வேலை அமைய வேண்டும். மளிகையைச் சுருக்கி இந்த இடைவெளியை நிரப்ப இயலாது என்பதும் தாளைப் பார்த்தாலே விளங்கும்.

இடம்பெயரும் ஒருமுறைச் செலவு தனி: லாரி வாடகை 25,000, தரகு 22,000, பள்ளிச் சேர்க்கை 40,000, இரு சக்கர வாகனங்கள் இரண்டின் மறுபதிவு 15,000, வீட்டுக்கு வேண்டிய சிறு பொருள்கள் 13,000. மொத்தம் 1,15,000 ரூபாய். முன்பணம் 2 லட்சம் சேர்த்தால் முதல் நாளில் 3,15,000 ரூபாய் கையில் வேண்டும். இதற்காகவே அவர் கடன் கேட்டார். 3 லட்சம் ரூபாய்க்கு 12 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுத் தவணை மாதம் 9,964 ரூபாய். கடனில் முன்பணம் செலுத்துவதால் 1,200 ரூபாய் வட்டி இழப்பைக் கணக்கிலிருந்து நீக்கினாலும், மாத இறுதியில் அந்தக் குடும்பத்திடம் எஞ்சுவது 1,236 ரூபாய். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அதுவும் இராது.

6. பிள்ளைகளின் படிப்பு: பணத்தில் எழுத இயலாத கணக்கு

அவ்வாடிக்கையாளரின் மகள் வரும் ஜூனில் பத்தாம் வகுப்புக்கும் மகன் ஐந்தாம் வகுப்புக்கும் செல்ல இருந்தனர். பொதுத்தேர்வு ஆண்டில் பள்ளியும் பாடத்திட்டமும் மாறுவது கடினம். பத்தாம் வகுப்பில் நேரடிச் சேர்க்கைக்குச் சி.பி.எஸ்.இ. வாரியம் கட்டுப்பாடுகள் விதித்துள்ளது. கர்நாடகப் பள்ளிகளில், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கன்னடமும் கற்க வேண்டும்.

உயர்கல்வியில் மற்றொரு விதி உள்ளது. கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு வழியே அரசு ஒதுக்கீட்டு இடம் பெற, பொதுவான பிரிவின்படி, ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புக்குள் ஏழு கல்வியாண்டுகள் அம்மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். மகளுக்கு அந்த ஏழு ஆண்டுகள் எவ்வகையிலும் அமையா. அவருக்குத் தமிழ்நாட்டு வழியே முதன்மையானது; அதற்குரிய பிறப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை ஊரை விட்டுப் புறப்படும் முன்னரே பெற்றுவிட வேண்டும். மகனோ இந்த ஜூனில் சென்றால் ஐந்து முதல் பன்னிரண்டு வரை எட்டு ஆண்டுகள். ஓராண்டு கழித்துச் சென்றால் ஆறு முதல் பன்னிரண்டு வரை சரியாக ஏழு ஆண்டுகள். ஈராண்டு கழித்துச் சென்றால் ஆறு ஆண்டுகள் மட்டுமே.

இட ஒதுக்கீட்டையும் கருத வேண்டும். பட்டியல் வகுப்பினர், பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறானவை. விருப்பத்தின் பேரில் வேறு மாநிலம் சென்ற ஒருவர் அங்கே தம் பட்டியல் வகுப்பு உரிமையைக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990ஆம் ஆண்டிலேயே கூறியுள்ளது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தோருக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், புதுமைப்பெண் திட்ட உதவியும் இடையில் வெளியேறினால் கைவிட்டுப் போகும். அரசுப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைப்போர் இதனை மறந்துவிடக் கூடாது.

7. ஒன்றாகவா, ஓராண்டு பிரிந்தா?

குடும்பத் தலைவர் மட்டும் முதலில் சென்றால் என்ன ஆகும் என்பதையும் எழுதிப் பார்த்தோம். ஈஜிபுராவில் உணவுடன் கூடிய விடுதி 10,000, போக்குவரத்து 2,000, சொந்தச் செலவு 3,000, மாதம் இருமுறை ஊருக்கு வருவதற்கு 5,000, ஆக 20,000 ரூபாய். மதுரையில் அவருக்கான செலவு நீங்கி 39,000. மொத்தச் செலவு 59,000. மனைவியின் வருமானம் தொடர்வதால் வரவு 92,000. மிச்சம் 33,000 ரூபாய்.

ஒன்றாக வாழ்ந்தால் 10,000. பிரிந்து வாழ்ந்தால் 33,000. ஆகவே பிரிந்திருப்பதே சரி என்று ஒரு வங்கி அலுவலர் சொல்லிவிடக் கூடாது. இடையிலுள்ள 23,000 ரூபாய், தந்தை மாலையில் வீட்டில் இருப்பதன் விலை. அந்த விலை தகுமா என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். மாறுதல் ஆணை பெற்று இரு வீடுகளை நடத்திய வங்கி ஊழியர்கள் பலரை நான் அறிவேன். 'கொஞ்ச நாள்' என்று தொடங்கியது பலருக்கு ஆறேழு ஆண்டுகளாக நீண்டது. பிரிந்திருக்கும் காலத்துக்கு முடிவு நாள் குறிக்காததே அதற்குக் காரணம்.

இந்தக் குடும்பத்துக்கு அந்த நாளைப் பிள்ளைகளின் படிப்பே குறித்துக் கொடுத்தது. மகள் பத்தாம் வகுப்பை முடிக்க ஓராண்டு வேண்டும். மகனுக்கு ஏழு ஆண்டுகள் கிடைக்க ஓராண்டுக்கு மேல் தாமதிக்கக் கூடாது. இரண்டும் ஒரே ஜூன் மாதத்தில் வந்து சேர்ந்தன. அந்த ஓராண்டில் மாதம் 26,250 ரூபாய் தொடர் வைப்பில் செலுத்தினால், வட்டி நீங்கலாகவே 3,15,000 ரூபாய் சேரும், கடன் தேவையில்லை. எஞ்சும் மாதம் 6,750 ரூபாய், ஆண்டு முடிவில் 81,000 ரூபாய் அவசரக் கால நிதியாகும். மனைவி பெங்களூருவில் வேலை தேடவும் அவகாசம் கிடைக்கும்.

வாடிக்கையாளர் தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். இரு நாள் கழித்து மனைவியுடன் வந்தார். அந்த அம்மையார் கணக்கை முழுவதும் படித்திருந்தார். "ஊர்ப் பயணத்துக்கு 5,000 போதாது சார், தீபாவளி மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள்" என்று திருத்தியும் கொடுத்தார். அன்று அவர்கள் தொடங்கியது தொடர் வைப்புக் கணக்கு.

8. புறப்படும் முன் வங்கியில் செய்ய வேண்டியவை

கணக்கு எண்ணை மாற்றத் தேவையில்லை. கணக்கைப் புதிய ஊரின் கிளைக்கு மாற்றிக்கொண்டால் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மட்டும் மாறும். அதனைச் சம்பளம், காப்பீடு, பரஸ்பர நிதி ஆகியவற்றில் திருத்திக்கொள்க.

பொது வருங்கால வைப்பு நிதி, செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஆகியவற்றையும் புதிய ஊருக்கு மாற்றலாம், முடிக்க வேண்டியதில்லை.

பழைய ஊரில் விட்டுச் செல்லும் கணக்கில் இரண்டாண்டுக்கு மேல் நீங்கள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிடில் அது செயலற்றதாகிவிடும். பெற்றோருக்குப் பணம் அனுப்ப அதனைப் பயன்படுத்துக, இல்லையேல் முடித்துவிடுக.

பாதுகாப்புப் பெட்டகம், நகைக்கடன் ஆகியவற்றைப் புறப்படும் முன் தீர்த்துக்கொள்க. தவணை அறிவிப்பு பழைய முகவரிக்குச் சென்று நகை ஏலத்துக்கு வரும் நிலை தவிர்க்கப்பட வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஊர் மாற்றத்தைத் தெரிவிக்க. சில திட்டங்களில் நகரங்கள் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, பெருநகரச் சிகிச்சைக்கு ஒரு பகுதியை நாமே ஏற்க வேண்டிய நிபந்தனை இருக்கும்.

அனைத்துக்கும் மேலாக, புதிய ஊரின் முதல் மூன்று மாதச் செலவை நாள்தோறும் எழுதி வருக. மதிப்பிட்ட கணக்கையும் நடந்த கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பிழை பெரிதாகும் முன் திருத்திக்கொள்ளலாம்.